‘எல்லாரும் வரவில்லை’: சிசாட் அனுமானக் கேள்விகளில் ஒரு படிப்புக் குழு சறுக்கிய இடம்

பின்னணி

யூபிஎஸ்சி (மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம்) குடிமைப் பணிகளுக்கு நடத்தும் முதல்நிலைத் தேர்வின் இரண்டாம் தாளை எல்லாரும் சிசாட் என்றே சொல்கிறோம். 80 கேள்விகள், 200 மதிப்பெண், இரண்டு மணி நேரம். 2011-இல் வந்த தாள் இது. 2015 முதல் இதில் 33 சதவீதம், அதாவது 66 மதிப்பெண் எடுத்தால் போதும் என்று ஆனது. கேட்பதற்குச் சுலபம்தான். ஆனால் அந்த 66-ஐத் தொடாதவர் பொது அறிவைச் சோதிக்கும் முதல் தாளில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் அந்த ஆண்டு அத்தோடு முடிந்தது. 2023 மே மாதம் நடந்த தாள் கடினமாக இருந்ததாக நாடெங்கும் பேச்சு. எங்கள் ஊர் நூலகத்தில் ஞாயிறுதோறும் கூடும் குழுவில் இருந்த எட்டுப் பேரில் மூவர் அந்தத் தாளிலேயே நின்றுவிட்டார்கள்.

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். பாடம் நடத்துவது என் தொழில் அல்ல. படித்ததைப் பேசிப் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்று அவர்கள் கேட்டதால் போய் உட்கார்ந்தேன்.

இந்தப் பதிவு பெரும்பாலும் அந்த மூவரில் ஒருவரைப் பற்றியது. அப்போது 26 வயது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி, பிறகு கணிதப் பட்டம். விடைத்தாளை அவரே திருத்திப் பார்த்ததில் 31 சரி, 22 தவறு. சரிக்கு 2.5 வீதம் 77.5, தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவதால் 18.33 போக 59.17. தவறான 22-இல் 13 பத்திக் கேள்விகள், அதாவது ஒரு பத்தியைப் படித்து விடை சொல்பவை. அந்த 13-இல் பாதிக்கு மேல் ஒரே வகை: ‘மேற்கண்ட பத்தியின் அடிப்படையில் பின்வரும் அனுமானங்கள் (ஆங்கிலத்தில் அசம்ப்ஷன்) செய்யப்பட்டுள்ளன, இவற்றுள் ஏற்கத்தக்கவை எவை?’ என்று இரண்டு கூற்றுகளைக் கொடுத்து, ‘1 மட்டும், 2 மட்டும், இரண்டும், இரண்டும் இல்லை’ என்று நான்கு விடைகளைத் தரும் வகை.

கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அச்சாகிறது. அதனால் அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட காரணம் ஆங்கிலம். ‘இங்கிலீஷ் சரியா வந்துட்டா இது வந்துடும் சார்’ என்றார். நானும் முதலில் அப்படியே நம்பினேன். இரண்டு மாதம் ஆங்கில நாளிதழ்த் தலையங்கம் படித்தோம். சொல்வளம் கூடியது. அனுமானக் கேள்வியில் தவறு குறையவே இல்லை.

முதலில் கண்டது: ஒரே சொல், இரண்டு திசை

செப்டம்பரில் மாதிரித் தேர்வுகளை நிறுத்திவைத்தோம். இதற்குக் குழுவில் எதிர்ப்பு இருந்தது. வாரம் ஒரு மாதிரித் தேர்வு எழுதாவிட்டால் படிக்கவே இல்லை என்று தோன்றும் மனநிலை எல்லாருக்கும் உண்டு. ஆனால் மறுபடி மறுபடி அதே தவறைச் செய்து எண்ணிக்கொண்டிருப்பதில் என்ன கிடைக்கும்? பழைய தாள்களிலிருந்து அனுமானக் கேள்விகளை மட்டும் எடுத்து, சத்தமாக யோசித்தபடி விடை சொல்லச் சொன்னேன். அவர் சொல்வதை இன்னொருவர் நோட்டில் எழுதிக்கொள்வார். விடை சரியா தவறா என்று கடைசிவரை யாரும் சொல்லக்கூடாது.

மூன்றாவது ஞாயிறன்று நோட்டைப் புரட்டிப் பார்த்தபோது ஒன்று தெளிவானது. பத்தியிலிருந்து எது கிடைக்கிறதோ அதையெல்லாம் அவர் அனுமானம் என்று குறித்திருந்தார். ‘இது இருந்தா அது வரும்ல சார், அப்போ அனுமானம்தானே?’

தவறு அவருடையது மட்டும் அல்ல. தமிழில் போட்டித் தேர்வு வழிகாட்டிகள் ‘கூற்று – அனுமானம்’ என்று ஒரு பகுதி வைத்திருக்கின்றன. அங்கே அனுமானம் என்றால் சொல்பவர் சொல்லாமலே ஏற்றுக்கொண்டுவிட்ட அடிப்படை. தருக்க நூல்களிலோ அனுமானம் என்பது புகையைக் கண்டு நெருப்பு உண்டு என்று அறிவது. அதாவது சொன்னதிலிருந்து வரும் முடிவு. முன்னது வாதத்துக்கு அடியில் கிடப்பது, பின்னது வாதத்தின் மேல் முளைப்பது. ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்துக்கொண்டு ஆறு மாதம் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்.

அன்றே ஒரு முடிவெடுத்தோம். குழுவுக்குள் அனுமானம் என்ற சொல்லே கிடையாது. அடியில் கிடப்பதற்கு ‘அஸ்திவாரம்’, மேலே வருவதற்கு ‘முடிவு’. எடுகோள் என்ற நல்ல சொல் இருக்கிறதே என்று தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுத்திருந்த தம்பி வாதாடினார். நல்ல சொல்தான், ஆனால் அவசரத்தில் மண்டையில் படம் வரவேண்டும். அஸ்திவாரம் என்றதும் அது கண்ணுக்குத் தெரியாது, எடுத்தால் கட்டடம் விழும் என்ற இரண்டும் சேர்ந்தே வருகின்றன.

அதே தம்பிதான் மணிமேகலையிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டார். அதில் பல சமயத்தாரும் தங்கள் கொள்கையைச் சொல்லும் பகுதியில், அறியும் வழிகளுள் ஒன்றாக அருத்தாபத்தி வருகிறது. ஆயர்குடி கங்கையில் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், கங்கைக் கரையில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது. கரை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கரை இல்லாவிட்டால் அந்த வாக்கியம் தண்ணீரில் போய்விடும். எங்கள் எட்டுப் பேருக்கும் அஸ்திவாரம் என்றால் என்னவென்று அந்த ஒரு வரியில் புரிந்தது. நான் ஒரு மணி நேரம் கரும்பலகையில் போராடியிருந்தேன்.

இரண்டாவது: ஊர் உண்மை

திசைக் குழப்பம் தீர்ந்ததும் தவறு குறைந்தது, ஆனால் நான் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. அக்டோபர் நோட்டில் வேறொரு தடம் தெரிந்தது. நானே எழுதிக்கொடுத்த பயிற்சிக் கேள்வி ஒன்று:

‘சொட்டுநீர்ப் பாசனத்தில் ஏக்கருக்குத் தேவைப்படும் நீர் குறைகிறது. ஆகவே இந்த வட்டாரத்து விவசாயிகள் சொட்டுநீருக்கு மாறினால் நிலத்தடி நீர்மட்டம் இறங்குவது நின்றுவிடும்.’

கூற்று 1: மிச்சமாகும் நீர் அத்தனையும் வேறு சாகுபடிக்கே போய்ச் சேரும் நிலை ஏற்படாது. கூற்று 2: எல்லா விவசாயிகளுக்கும் சொட்டுநீர்க் குழாய் போட வசதி இருக்கிறது.

அவர் 2 மட்டும் என்றார். காரணம் கேட்டேன். ‘குழாய்க்குப் பணம் இல்லாம எப்படி சார் மாறுவாங்க? எங்க ஊர்லயே பாதிப் பேரால முடியாது.’

அவர் சொன்னது உண்மை. ஆனால் பத்தி ‘மாறினால்’ என்கிறது. மாற முடியுமா என்ற கேள்வியை அந்த ‘ஆல்’ வாசலிலேயே நிறுத்திவிட்டது. மாறியபிறகு என்ன ஆகும் என்பதுதான் வாதம். அங்கே ஓட்டை எது? குழுவில் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர் ஒருவர் இருந்தார். அவருக்கு ஆங்கிலம் இவரைவிடச் சுமார். அவர் ஒரே வரியில் முடித்தார்: ‘மிச்சமான தண்ணிக்கு வாழை போட்டுடுவாங்க சார்.’ அதேதான். ஏக்கருக்கு நீர் குறைவது வேறு, கிணற்றிலிருந்து எடுக்கும் மொத்த நீர் குறைவது வேறு. பல நாடுகளில் சிக்கனப் பாசனம் வந்தபிறகும் மொத்த நீர்ச்செலவு குறையாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். சேமித்த நீரை வைத்துப் பரப்பைக் கூட்டினார்கள், அல்லது அதிகம் குடிக்கும் பயிருக்கு மாறினார்கள்.

இதில் நான் கவனித்தது, ஊர் அனுபவம் ஒருவருக்கு உதவி செய்தது, இன்னொருவரைக் கவிழ்த்தது. வாழை என்று சொன்னவர் தன் அனுபவத்தைக் காரணத்துக்கும் முடிவுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் வைத்துப் பார்த்தார். பணம் என்று சொன்னவர் வாதத்துக்கு வெளியே, அதற்கு முன்னால் வைத்தார். இரண்டுமே அறிவுதான், வைத்த இடம்தான் வேறு. அதனால் ‘வெளியறிவைக் கொண்டுவராதே’ என்று கோச்சிங் சென்டர்களில் சொல்லும் விதியை நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பதிலாக, ஒவ்வொரு பத்தியையும் ‘ஏனென்றால்’ ஒரு வரி, ‘ஆகவே’ ஒரு வரி என்று தமிழில் சொல்லிவிட்டு, அதன்பிறகே கூற்றுகளைப் படிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம்.

மறுத்துப் பார்க்கும் முறை, அது செய்த கோளாறு

நவம்பரில் நான் ஒரு தவறு செய்தேன். அமெரிக்காவில் சட்டக் கல்லூரி சேர்க்கைக்கு நடக்கும் எல்சாட் தேர்வுக்குப் படிப்பவர்கள் பயன்படுத்தும் ஒரு சோதனை உண்டு. கூற்றை மறுத்துப் பார். மறுத்ததும் வாதம் விழுந்தால் அது தேவையான அஸ்திவாரம், விழாவிட்டால் அல்ல. சரியான சோதனை. அதை இரண்டு வாரத்தில் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்து, இனிக் கவலை இல்லை என்று பெருமையாகவே சொன்னேன்.

டிசம்பரில் மாதிரித் தேர்வை மறுபடி தொடங்கினோம். அவருடைய அனுமானக் கேள்விகளில் தவறு குறைவதற்குப் பதில் கூடியிருந்தது. அவரைப்போலவே தமிழ் வழியில் படித்த இன்னும் இருவருக்கும் அப்படியே. ஆங்கில வழியில் படித்தவருக்கு மட்டும் சோதனை வேலை செய்தது. ‘பார்த்தீங்களா சார், இங்கிலீஷ்தான்’ என்றார். எனக்கும் பதில் இல்லை.

மறுபடி நோட்டுக்குப் போனோம். சிக்கிய கேள்வி இது. ஒரு பள்ளியில் காலை உணவு தொடங்கியபின் வருகை கூடியது. ஆகவே பிள்ளைகளை வரவைத்தது காலை உணவே என்று பத்தி. கூற்று 1: அதே காலத்தில் வருகையைக் கூட்டக்கூடிய வேறு மாற்றம் எதுவும் நடக்கவில்லை. கூற்று 2: அதற்கு முன் எல்லாப் பிள்ளைகளும் பட்டினியாகப் பள்ளிக்கு வந்தார்கள். கேள்வியை ஆங்கிலத்தில்தான் கொடுத்திருந்தேன். அவர் மனத்துக்குள் தமிழாக்கி மறுத்திருக்கிறார். நோட்டில் இருந்த வரி: ‘எல்லாப் பிள்ளைகளும் பட்டினியா வரல. அப்போ சாப்பாடு போட்டு என்ன பிரயோஜனம்? வாதம் விழுந்துடுது. 2-ம் சரி.’

விடை 1 மட்டும். ஆனால் அவர் எழுதியிருந்த வாக்கியத்தில் எங்கே தவறு என்று எனக்குச் சட்டென்று தெரியவில்லை. மறுப்பு சரியாகத்தானே இருக்கிறது? இலக்கியத் தம்பிதான் பிடித்தார். ‘அக்கா, நீங்க சொன்ன வாக்கியத்துக்கு ரெண்டு அர்த்தம் இருக்கு. கல்யாணத்துக்கு எல்லாரும் வரலன்னா ஒருத்தரும் வரலையா, சில பேர் வரலையா?’

அதுதான் விஷயம். தமிழில் ‘எல்லாரும் வரவில்லை’ என்பது இரண்டையும் சொல்லும். பேச்சில் குரலின் அழுத்தமும் சூழலும் பிரித்துக்காட்டிவிடும். தேர்வறையில் மௌனமாகப் படிக்கும்போது அவை கிடையாது, மனம் வலுவான பொருளுக்கே ஓடுகிறது. எல்லாரும் பட்டினியாக வந்தார்கள் என்பதன் சரியான மறுப்பு, ஒரு பிள்ளையாவது சாப்பிட்டுவிட்டு வந்தது என்பதுதான். ஒரு பிள்ளை சாப்பிட்டுவிட்டு வந்ததால் வாதம் விழாது. மற்ற பிள்ளைகள் உணவுக்காக வந்திருக்கலாம். அவர் மறுத்ததோ ஒரு பிள்ளைகூடப் பட்டினியாக வரவில்லை என்று. அப்படி மறுத்தால் எந்த வாதமும் ஆடத்தான் செய்யும். கணிதம் படித்தவருக்கு இது புதிதல்ல. எல்லா உறுப்புக்கும் உண்மை என்பதை மறுக்க ஒரு எதிர் உதாரணம் போதும் என்று அவரே கல்லூரியில் நிரூபணம் எழுதியிருப்பார். அது அங்கே குறியீட்டில் இருந்தது, இங்கே பேச்சுத் தமிழில் வந்ததால் அடையாளம் தெரியவில்லை.

அன்று நோட்டை முழுக்கப் புரட்டினோம். இன்னொரு திருடன் ‘தான்’. ஆங்கிலத்தில் வெறும் ‘இது நடந்தால் அது நடக்கும்’ என்று இருப்பதை, சொல்லும்போது ‘இது நடந்தாதான் அது நடக்கும்’ என்று மாற்றிச் சொல்லியிருந்தார்கள். மாத்திரை போட்டால் காய்ச்சல் விடும் என்பதும் போட்டால்தான் விடும் என்பதும் ஒன்றல்ல. முதல் வாக்கியம் மாத்திரை போதும் என்கிறது. இரண்டாவது மாத்திரை இல்லாமல் முடியாது என்கிறது. ‘தான்’ நம் பேச்சில் உப்பு மாதிரி, போடுவது நமக்கே தெரிவதில்லை. சொட்டுநீர்க் கேள்வியை ‘மாறினாதான் நிக்கும்’ என்று ஒருமுறை சொல்லிவிட்டால், ‘நீர்மட்டத்தைக் காக்க வேறு வழி இல்லை’ என்ற கூற்று உடனே அஸ்திவாரம் போலத் தெரியத் தொடங்கும். பத்தியில் அது இல்லவே இல்லை.

மாற்றியது

தமிழில் யோசிப்பதை விட்டுவிட்டு ஆங்கிலத்திலேயே மறுத்துப் பழகலாமா என்று பேசினோம். நான் வேண்டாம் என்றேன். அவருக்கு வாதத்தின் இடைவெளி தெரிவதே தமிழில் சொல்லும்போதுதான். அதைப் பறித்தால் செப்டம்பருக்குத் திரும்பிவிடுவோம். அதனால் மறுக்கும் விதத்தை மட்டும் மாற்றினோம். வினையை மறுக்கக்கூடாது. முழு வாக்கியத்தையும் அப்படியே சொல்லி, கடைசியில் ‘என்பது பொய்’ சேர்க்க வேண்டும். ‘எல்லாப் பிள்ளைகளும் பட்டினியாக வந்தார்கள் என்பது பொய்.’ அப்புறம், பொய்யாக்க ஆகக் குறைவாக என்ன நடந்தால் போதும் என்று கேட்க வேண்டும். எல்லாரும் என்று இருந்தால் ஒருவராவது இல்லை. சிலர் என்று இருந்தால் ஒருவர்கூட இல்லை. மட்டும் என்று இருந்தால் வேறும் உண்டு. தான் என்று இருந்தால் அது இல்லாமலும் நடக்கும். இந்த நாலும் நோட்டின் அட்டையில் ஏறின.

நேரம் இன்னொரு தலைவலி. 80 கேள்விக்கு 120 நிமிடம், கேள்விக்கு ஒன்றரை நிமிடம். ‘என்பது பொய்’ என்று இரண்டு கூற்றையும் சோதித்தால் மூன்று நிமிடம் ஓடிவிடுகிறது. இதற்கு அவரே ஒரு கணக்குப் போட்டார். நான்கு விடையில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் குறித்தால் சராசரி வரவு பூஜ்யம்: கால் பங்கு வாய்ப்பில் 2.5 என்பது 0.625; முக்கால் பங்கு வாய்ப்பில் 0.83 கழிவு, அதுவும் 0.625. ஆனால் இரண்டு கூற்றில் ஒன்றை மட்டும் உறுதியாகத் தெரிந்துகொண்டாலே நான்கு விடை இரண்டாகிவிடும். அப்போது சராசரியாக 0.83 லாபம். ஆகவே தெளிவான கூற்றை முதலில் சோதித்து முடிவுகட்டுவது, மற்றதற்கு அரை நிமிடத்துக்கு மேல் கொடுக்காமல் குறித்துவிட்டு நகர்வது. நான் நினைத்துப் பார்க்காத வழி.

2024 முதல்நிலைத் தேர்வு மே 26-இல் இருந்தது. மக்களவைத் தேர்தலால் ஜூன் 16-க்குத் தள்ளிப்போனது. அந்த மூன்று வாரம் எங்களுக்கு உதவியது என்றே நினைக்கிறேன், ஏனென்றால் ஏப்ரல் கடைசியில்கூட அவர் அவசரத்தில் வினையை மறுத்துக்கொண்டிருந்தார். மே கடைசியில்தான் ‘என்பது பொய்’ தானாக வந்தது.

நடந்தது

தேர்வு முடிந்து அவர் போட்ட கணக்கில் 40 சரி, 20 தவறு, 83.33. பத்திக் கேள்விகளில் தவறு 13-இலிருந்து 6 ஆகியிருந்தது. இரண்டாம் தாளில் முந்தைய ஆண்டு நின்ற மற்ற இருவரில் ஒருவர் தேறினார், ஒருவர் மீண்டும் நின்றார். அவர் சோதனை எதையும் பழகவில்லை, வேலைக்குப் போய்க்கொண்டே படித்தவர். சொல்ல வேண்டிய இன்னொன்று, ஆங்கில வழியில் படித்தவருக்கு எங்கள் முறை கெடுதல் செய்தது. நேராகச் சரியாகச் செய்துகொண்டிருந்தவர் தமிழாக்கி, மறுத்து, எண்ணிப் பார்த்து நேரத்தைத் தொலைத்தார். தேறினார், ஆனால் முந்தைய ஆண்டைவிடக் குறைவான மதிப்பெண்ணில்.

நம் கணிதப் பட்டதாரி அந்த ஆண்டு முதன்மைத் தேர்வுக்குப் போகவில்லை. தடுத்தது முதல் தாள். இந்தப் பதிவில் வெற்றிக் கதை தேடுபவருக்கு அது இல்லை.

மறுபடி செய்வதாக இருந்தால்

தலையங்கம் படித்த இரண்டு மாதத்தைச் செய்யமாட்டேன். நோட்டை முதல் வாரத்திலேயே திறப்பேன். மறுத்துப் பார்க்கும் சோதனையைச் சொல்லிக்கொடுக்கும் முன், ஒவ்வொருவரும் ஐந்து தமிழ் வாக்கியங்களை மறுத்து எழுதட்டும் என்று கேட்பேன். கோளாறு அங்கேயே தெரிந்திருக்கும். எல்லாருக்கும் ஒரே முறையைப் போடமாட்டேன்.

இந்தச் சோதனை எடுபடாத இடமும் உண்டு. சிசாட் பத்திகள் பலவற்றில் வாதமே இருப்பதில்லை. ஒரு கொள்கையை விளக்கிவிட்டு நின்றுவிடும். ‘ஆகவே’ வரி இல்லாத பத்தியில் எதை விழவைத்துப் பார்ப்பது? அங்கே ஆசிரியர் எதை நம்பாமல் இப்படி எழுதியிருக்க மாட்டார் என்று கேட்டுப் பார்த்தோம். பாதி நேரம் வேலை செய்தது. மீதிப் பாதியில் எங்களுக்குள்ளேயே சண்டை.

யூபிஎஸ்சியின் அதிகாரப்பூர்வ விடைக்குறிப்பும் மதிப்பெண்ணும் இறுதி முடிவு வந்தபிறகே கிடைத்தன. அவருக்கு இரண்டாம் தாளில் 80. நாங்கள் சரி என்று எண்ணிய ஒரு கேள்வி தவறாகியிருந்தது. எந்தப் பத்தியில் வழுக்கினோம் என்று பார்க்க எல்லாரும் நோட்டோடு உட்கார்ந்தோம். பத்தியே இல்லை. கணக்குக் கேள்வி.